பிரான்சிஸ்கா தூக்கிக் கொடுத்த பந்துகள்

றொஷேல் கீரிக் கிராமத்துக்குத் திரும்பி வருகிறாள், அதுவும் உள்ளூர்ச் சபைத் தேர்தலில் நிற்பதற்கு வருகிறாள் என்ற செய்தி வந்தபோது, பிரான்சிஸ்கா கரையில் குந்தியிருந்து வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். செய்தி கொண்டு வந்தவன் அவளுடைய புருஷன் சந்தியோகு. ஏதோ சொந்தத் தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடித்தவன் மாதிரி முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"கேட்டியே சங்கதி? எங்கட றொஷேல் எலெக்சன் கேக்கப்போறாளாம். எங்கட வட்டாரத்திலதானாம்."

"எங்கட றொஷேலோ? எப்ப தொடக்கம் அவள் உங்கட ஆளானவள்?"

சொல்லிக்கொண்டே இழுத்த இழுப்பில் ஒரு நண்டின் கால் பிய்ந்து கையோடு வந்தது. கால் போன நண்டை, கரையில் நண்டு வாங்குகிற வாடிக்காரன் இரண்டாம் தரத்தில் தள்ளிவிடுவான். பிரான்சிஸ்கா கழற்றிய நண்டு இரண்டாம் தரத்துக்குப் போனதாக அந்தக் கரையில் ஒருவரும் சொன்னது கிடையாது. அவள் பிய்ந்த காலைத் தூரத்தில் விட்டெறிந்துவிட்டு, சந்தியோகுவைப் பார்த்து, வெயிலில் நின்று பல்லைக் காட்டாமல் போய் வள்ளத்தைக் கழுவச் சொன்னாள்.

அவளைப் பற்றிப் பிழையாக நினைத்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி புதுத் தையல் மெசின் வாங்கினால் போய்ப் பார்த்து, நல்ல மெசின் என்று வாயாரச் சொல்லிவிட்டு வருகிற மனிசிதான். மைத்துனியின் மகன் சோதனை பாஸ்பண்ணிக் கம்பசுக்கு எடுபட்டபோது கேக் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள். ஊரில் ஆர் நன்றாக வாழ்ந்தாலும் அவளுக்கு வயிறு எரிந்ததில்லை. அவளிடம் இருந்த பொறாமை முழுவதும், ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், ஒரே ஒருத்தியின் பெயரில் இருந்தது. அந்த ஒருத்திதான் இப்போது கைகூப்பிக்கொண்டு வரப்போகிறாள்.

இரண்டு பேரும் ஒரே வகுப்பு. ஒரே பள்ளிக்கூட அணியில் கரப்பந்து ஆடியவர்கள். றொஷேல் அந்த வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்து, சிஸ்டர்மாரையே குனிந்து பார்க்கிற உயரத்தில் இருந்தாள். பிரான்சிஸ்காவோ கதிரையில் ஏறி நின்றால்தான் அவளுடைய காதுக்குள் ரகசியம் சொல்லலாம். ஆகவே ஒருத்தி அடிப்பவள் ஆனாள், மற்றவள் தூக்கிக் கொடுப்பவள் ஆனாள்.

கரப்பந்து தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று தட்டு. எதிரி அடித்ததை ஏந்துவது முதலாவது. அதை வலைக்கு மேலே பதமாக உயர்த்திக் கொடுப்பது இரண்டாவது. மூன்றாவது, எழும்பி அடிப்பது. சனம் வாயைப் பிளந்து பார்ப்பது மூன்றாவதைத்தான். றொஷேலின் பந்து வலையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு முழம் உயரத்தில், வலையை ஒட்டாமல், ஒரு கணம் அந்தரத்தில் நிற்க வேண்டும். பிரான்சிஸ்கா கொடுத்தால் நிற்கும். ஏந்துகிறவள் எந்த மூலையில் எப்படிக் கோணலாகத் தட்டிவிட்டாலும், பிரான்சிஸ்கா அதற்குக் கீழே ஓடிப்போய், பத்து விரலாலும் தொட்டு, அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். றொஷேல் எழும்பி ஒரே சாத்து.

அந்தக் காலத்தில் மன்னாரில் எங்கே விளையாட்டென்றாலும் மைக் பிடிப்பது நஸார் நானாதான். ஒலிபெருக்கிக் கடை அவருடையது. குரலும் அவருடையதாக இருந்தால் கூலி மிச்சம் என்று தொடங்கியவர், பிறகு குரலுக்காகவே அழைக்கப்பட்டார். "றொஷேல் அடித்தார், மண் அதிர்ந்தது" என்பார். "றொஷேல், றொஷேல், மீண்டும் றொஷேல்" என்பார். அத்தனை வருஷத்தில் பிரான்சிஸ்கா என்ற பெயரை அந்த மைக் ஒரு தடவை உச்சரித்தது கிடையாது. பரிசளிப்பில் வாசிக்கும்போதுகூட 'ஏனைய வீராங்கனைகள்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த காலத்தில் இரண்டு பேரையும் கொழும்புக்குத் தெரிவுக்குக் கூப்பிட்டார்கள். பிரான்சிஸ்கா தூக்கிக் கொடுத்தாள், றொஷேல் அடித்தாள். தெரிவாளர் ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிப் பிரான்சிஸ்காவின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். கூடப்போன ஆசிரியை மொழிபெயர்த்துச் சொன்னாள்: "பிள்ளையின்ர கை அருமையாம். உயரம்தான் காணாதாம்." றொஷேலைக் கரப்பந்துக்காரர் எடுக்க முன்னமே பக்கத்து மைதானத்தில், உயரத்து வளையத்துக்குள் பந்து போடுகிற வலைப்பந்துக்காரர் கண்டு, இந்த உயரத்தை விட்டுவிடுவதா என்று ஓடிவந்து எடுத்துக்கொண்டார்கள். உயரத்துக்காக ஒருத்தியை இரண்டு கூட்டம் பிய்த்துக்கொண்டது. மற்றவள் தன் சப்பாத்துப் பையோடு பஸ்ஸேறி ஊருக்கு வந்தாள்.

பிறகு றொஷேல் நாட்டின் வலைப்பந்து அணியில் ஆடினாள். சில வருஷம் கழித்துக் கரப்பந்து அணியிலும் ஆடினாள். அதுவும் போதாதென்று கடற்கரைக் கரப்பந்து என்று இரண்டே பேர் ஆடும் விளையாட்டிலும் நாட்டுக்காக இறங்கினாள். வங்கியொன்று கூப்பிட்டு வேலை கொடுத்தது. பேப்பரில் படம் வந்தது. ரீவியில் ஒரு பெட்டை அவளிடம், உங்கள் வெற்றிக்கு யார் காரணம் என்று கேட்டாள். "கடவுளும் எங்கட பங்குச் சுவாமியும்" என்றாள் றொஷேல். அப்போது பிரான்சிஸ்கா குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு கழுவிய சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

கடவுள் தூக்கிக் கொடுத்தாரோ? பூசை வைக்கிற சுவாமி தூக்கிக் கொடுத்தவரோ? இதைப் பிரான்சிஸ்கா வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு ஆளிடம்தான். அது அவளுடைய மகள் டெல்சியா. பாலோடு சேர்த்து இந்தக் கதையையும் ஊட்டித்தான் அவளை வளர்த்தாள். இப்போது பதினாறு வயதுப் பெட்டை. பள்ளிக்கூடத்தில் ஆராவது றொஷேலின் பெருமையை எடுத்தால், "எங்கட அம்மா தூக்கிக் குடுத்தபடியாத்தான் அவ அடிச்சவ, தெரியுமே?" என்று சண்டைக்குப் போய்விடுவாள். ஒரு தடவை ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்து, பிரின்சிபலின் கந்தோர் வாசலில் நின்றுவிட்டும் வந்தாள். பிரான்சிஸ்கா வெளியில் ஏசினாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பெரிய மீன்துண்டு டெல்சியாவின் கோப்பையில்தான் விழுந்தது.

இத்தனைக்கும் அம்மா விளையாடி டெல்சியா கண்டதேயில்லை. கேட்டது மட்டும்தான். ஆனாலும் நம்பினாள். உலகத்தில் அதை நம்பிய ஒரே ஆள் அவள்தான், அது பிரான்சிஸ்காவுக்கும் தெரியும்.

றொஷேல் ஒரு பின்னேரம் தொப்பி போட்ட பொடியன்கள் நாலைந்து பேர் பின்னால் வர, நோட்டீசோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, பிரான்சிஸ்காவைக் கட்டிப்பிடித்தாள்.

"பிரான்சி, நீ அப்பிடியேதான் இருக்கிறாய்."

"வளர்றதுக்கு ஆர் விட்டவை?" என்றாள் பிரான்சிஸ்கா.

றொஷேல் விழுந்து விழுந்து சிரித்தாள். தேத்தண்ணி குடித்தாள். சந்தியோகு, குந்தியிருந்து பேச வெட்கப்பட்டவன் போலத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். றொஷேல் வந்த காரியத்தைச் சொன்னாள். ஊரில் சிலர், அவள் கொழும்புக்காரியாகிவிட்டாள், எங்கள் மண்ணை மறந்துவிட்டாள் என்று கதைக்கிறார்களாம். அதற்கு மருந்தாக ஒரு யோசனை இருக்கிறதாம். பங்குத் திருநாளில் நறுவிலிக்குளத்துப் பழைய அணியோடு கீரியின் பழைய அணி ஒரு ஆட்டம் ஆடினால் நல்லது. சுவாமியும் சம்மதம்.

"நீ தூக்கினாத்தான் நான் இறங்குவன். வேற ஆரையும் எனக்கு நம்பேலாது."

பிரான்சிஸ்காவுக்கு எல்லாம் விளங்கியது. இவளுக்கு வாக்கு வேண்டும். வாக்கு வேண்டுமென்றால் ஊர் பார்க்க அடிக்க வேண்டும். அடிப்பதற்கு ஒருத்தி தூக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் நினைவுக்கு வராத பிரான்சி இப்போது வந்துவிட்டாள். ஏலாது, கை நோகிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் டெல்சியா அறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தாள்.

"அம்மா விளையாடுவா அன்ரி. நான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவன். எல்லாரும் பாக்கட்டும்."

மகளின் முகத்தைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல முடியவில்லை. அடுத்து வந்த நாட்களில், நண்டு வேலை முடிந்ததும் பிரான்சிஸ்கா வீட்டின் பின்சுவரில் பந்தை எறிந்து எறிந்து பழகினாள். சுவரில் பூச்சு உரிந்து ஒரு காய்ச்சல் குளிசை அளவுக்கு வெள்ளையாக இருந்தது. பந்து போய்ப் போய் அதிலேயே பட்டது. கை அப்படியேதான் இருந்தது. அவளுக்கே ஆச்சரியமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

திருநாளன்று பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, வெயில் சாயத் தொடங்கியதும் சனம் மைதானத்தைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. நஸார் நானா தலை நரைத்துப் போயும் மைக்கை விட்டபாடில்லை. டெல்சியா தன் வகுப்பில் பாதியைக் கொண்டுவந்து முன்வரிசையில் இருத்தியிருந்தாள். பின்னல் இழுபட்ட பெட்டையும் அதில் இருந்தாள்.

முதல் பந்தே எக்கச்சக்கமாகப் பின்னுக்குப் போனது. பிரான்சிஸ்கா திரும்பி ஓடி, அதற்குக் கீழே போய், தலைக்கு மேலால் வலைப்பக்கம் தூக்கிவிட்டாள். பந்து போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. றொஷேல் எழும்பினாள். நறுவிலிக்குளத்துக்காரிகள் கையைத் தூக்க முன்னமே மண்ணில் குழி விழுந்தது.

"றொஷேல்!" என்று முழங்கினார் நஸார் நானா. சனம் கூத்தாடியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. தொப்பிப் பொடியன்கள் விசில் அடித்தார்கள். டெல்சியா மட்டும் "அம்மா, அம்மா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் விசிலுக்குள் அமுங்கிப் போனது. பிரான்சிஸ்காவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது. பழைய பந்து, பழைய கை, பழைய சத்தம். அப்படியே போயிருந்தால் ஒரு குறையும் இருந்திராது. நஸார் நானாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்பான மக்களே, பாருங்கள். அன்றும் சரி, இன்றும் சரி, தனி ஆளாக நின்று கீரியைத் தூக்கி நிறுத்துகிறார் றொஷேல். தனி ஆளாக!"

தனி ஆளாக. அந்தச் சொல் நெருப்புத்துண்டு மாதிரி பிரான்சிஸ்காவின் அடிவயிற்றில் போய் விழுந்தது. றொஷேலைப் பார்த்தாள். அவள் இரண்டு கையையும் கூப்பிச் சனத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். தனி ஆள்தானே, அடி பாப்பம் என்று நினைத்தாள் பிரான்சிஸ்கா.

அடுத்த பந்தை ஒரு சாண் குறைத்துத் தூக்கினாள். ஒரே ஒரு சாண். வலைக்கும் கொஞ்சம் கிட்டவாக. வெளியில் நிற்கிற எவன் கண்ணுக்கும் அது தெரியாது. றொஷேல் வழமைபோல் எழும்பினாள், கை பந்துக்கு மேலால் வந்தது, பந்து வலையில் மோதிக் காலடியில் விழுந்தது. றொஷேல் கையை உயர்த்தினாள், தன் பிழை என்று. அடுத்ததும் வலையில். அதற்கடுத்தது வெளியில். ஒவ்வொரு முறையும் றொஷேல் கையை உயர்த்தினாள்.

சனத்துக்குள் கசமுச தொடங்கியது. "வயசு போட்டுது." "கொழும்புச் சோறு." "வங்கிக் கதிரையில இருந்து இருந்து பாரம் கூடிப்போச்சு." தொப்பிப் பொடியன்களின் விசில் நின்றது. பிரான்சிஸ்காவுக்கு நெஞ்சுக்குள் ஐஸ்கட்டி வைத்தாற்போல் குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிக் குளிர்ந்ததில்லை. ஊர் முழுக்க நின்று பார்க்கட்டும், பிரான்சிஸ்கா கொடுக்காவிட்டால் இவள் ஆர் என்று. மூன்று செற் ஆட்டத்தில் முதல் செற்றை நறுவிலிக்குளம் எடுத்தது.

இரண்டாவது செற்றில் இன்னொரு பந்து வலையில் விழுந்தபோது றொஷேல் கையை உயர்த்தவில்லை. திரும்பிப் பிரான்சிஸ்காவைப் பார்த்தாள். முறைக்கவில்லை. எத்தனையோ நாட்டு மைதானங்களில் எத்தனையோ கைகளிலிருந்து பந்து வாங்கியவள். தன் இடத்துக்குப் போய் நின்று, முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

அடுத்த பந்து பிரான்சிஸ்காவின் விரலுக்கு வர முன்னமே றொஷேல் ஓடத் தொடங்கிவிட்டாள். பந்து விரலைவிட்டுக் கிளம்பும்போது அவள் ஏற்கெனவே அந்தரத்தில் இருந்தாள். ஒரு சாண் குறைந்த அந்தப் பந்தை அது எழும்பி வரும் வழியிலேயே மறித்து, மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டினாள். நறுவிலிக்குளத்துக்காரிகள் மரம் மாதிரி நின்றார்கள். திரும்பவும் அதே மாதிரி. திரும்பவும்.

மைதானம் வெடித்தது. நஸார் நானாவுக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட்டது. "மக்களே, நான் சொல்கிறேன், பந்து சரியாக வரவில்லை. பிரான்சிஸ்காவின் பந்து சரியில்லை. பாவம், நாற்பதைத் தாண்டிய தாய், கை தளர்ந்துவிட்டது, நாங்கள் குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பந்தையும் புள்ளி ஆக்குகிறாரே, அதுதான் றொஷேல்!"

தன் பெயர் மைக்கில் வந்ததைப் பிரான்சிஸ்கா கேட்டாள். இரண்டு தென்னையில் கட்டியிருந்த இரண்டு குழாயும் சேர்ந்து அதைச் சொன்னது. வாழ்க்கையில் முதல் தடவை. அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

சரி, காட்டுகிறேன் என்று நினைத்தாள். அடுத்த பந்தைப் பழையபடி, முழு உயரத்துக்கு, பூப்போல, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். அன்றைக்கு அவள் தூக்கியதிலெல்லாம் திறமான பந்து அதுதான். ஆனால் றொஷேல் குறைந்த பந்துக்கென்று முந்தியே எழும்பிவிட்டாள். அவள் இறங்கி வரும்போது பந்து அவளுடைய தலைக்கு மேலே சாவகாசமாக நின்றது. பிறகு இருவருக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தது.

சனம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, இரக்கப்பட்ட சிரிப்பு. "இப்ப மேல போட்டுது" என்றான் ஒருவன். "பாவம், வேற ஆரையும் விடுங்கோவன்" என்றாள் ஒரு மனிசி. பிரான்சிஸ்கா முன்வரிசையைப் பார்த்தாள். டெல்சியா கத்துவதை நிறுத்தியிருந்தாள். பின்னல்காரி அவளுடைய தோளில் கைபோட்டு ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு என்ன செய்வது? சரியாகத் தூக்கினால் பிழைக்கிறது. பிழையாகத் தூக்கினால்தான் புள்ளி வருகிறது. ஆட்டம் முடியும்வரை பிரான்சிஸ்கா ஒரு சாண் குறைத்தே தூக்கினாள், றொஷேல் வெட்டி வெட்டி வென்றாள். கீரி மிச்ச இரண்டு செற்றையும் எடுத்து ஆட்டத்தையும் எடுத்தது. தேர்தலும் அந்தப் பின்னேரத்தோடு முடிந்த மாதிரித்தான். பிறகு வாக்கு எண்ணியபோதும் அப்படியே வந்தது. கூடாத பந்தையும் கொண்டு வெல்லத் தெரிந்தவள் சபையிலும் ஏதாவது செய்வாள் என்று ஊரே சொன்னது.

றொஷேலைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவள் உதறிவிட்டு, வேப்பமரத்தடியில் தனியே இருந்த பிரான்சிஸ்காவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். போத்தில் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டாள்.

"வேணுமெண்டுதானே தந்தனி?"

பிரான்சிஸ்கா காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"எல்லாம் ஒரே சாண். ஒரு விரல் கூடவுமில்ல, குறையவுமில்ல. ஏலாத கை அப்பிடிக் குடுக்காது பிரான்சி. உன்ர கை எனக்குத் தெரியாதே?"

"தெரியுமெண்டா ஏன் ஒருக்காலும் சொல்லேல்ல?" பிரான்சிஸ்கா வெடித்தாள். "ரீவியில கேட்டவையே, ஆர் காரணமெண்டு. சுவாமியாம். சுவாமியோ உனக்குத் தூக்கினவர்? என்ர பேரை ஒருக்கா, ஒரேயொருக்கா சொல்லியிருந்தா உன்ர வாய் தேஞ்சு போயிருக்குமே? எனக்கு உன்னைக் கண்டா வயிறு எரியுது றொஷேல். அண்டைக்குத் தொடக்கம் எரியுது."

றொஷேல் குனிந்து போத்திலை மண்ணில் வைத்தாள். "சொல்லியிருக்க வேணும்" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "இப்பச் சொல்லட்டே? நஸார் நானா இன்னும் மைக்கைக் கழட்டேல்ல. பிரான்சியின்ர கை அப்பிடியேதான் இருக்கு, எனக்கு வோட்டு விழக்கூடாதெண்டு வேணுமெண்டுதான் பிழையாத் தந்தவள் எண்டு சொல்லட்டே? உண்மை அதுதானே."

அவள் கோபத்தில் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா, உண்மையாகவே கேட்டாளா என்று பிரான்சிஸ்காவுக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போது டெல்சியா வந்தாள். கூட்டாளிகளை எங்கேயோ விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். அழுதிருக்கிறாள் என்று கண் சொன்னது. தாயின் முன்னால் முழங்காலில் இருந்து, அவளுடைய இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்து, விரல் விரலாகப் பிடித்துவிடத் தொடங்கினாள்.

"நோகுதே அம்மா?"

பிரான்சிஸ்கா விரல்களை மடக்கப் பார்த்தாள், டெல்சியா விடவில்லை.

"பறவாயில்லை அம்மா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல." பிறகு தலையைத் திருப்பி, மிகவும் மரியாதையாக றொஷேலிடம் சொன்னாள். "அன்ரி, இனி அம்மாவைக் கூப்பிடாதேங்கோ. பாவம் அவ. அவவுக்கு இப்ப ஏலாது."

றொஷேல் பிரான்சிஸ்காவைப் பார்த்தாள். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை.

பிரான்சிஸ்கா மகளின் கையிலிருந்து தன் விரல்களை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"ஓம்" என்றாள். "இனி ஏலாது."